இருபத்திநாலாம் நம்பர் ஸ்பனர்

முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரையில் வீரகத்தி வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டு வாசல் படலையைக் காட்டுவார்கள். பிளேன் வீரகத்தி வீடு என்று கேட்டால் ஒன்றைத்தான் காட்டுவார்கள். உள்ளே போனால் பிளேன் ஒன்றும் நிற்காது. ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நிற்கும், இரண்டு பசு நிற்கும், மாமரத்தில் நாலைந்து குரங்கு இருந்து வருகிறவர்களைப் பார்க்கும். ஆனாலும் மனிதர் பிளேன் திருத்தினவர்தான். அதில் ஒரு சொட்டுப் பொய்யும் கிடையாது. பொய் என்கிறவர்கள் அவருடைய மனைவி ஜெகதீஸ்வரியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். போன காலோடு திரும்பி வருவார்கள்.

அந்த வீட்டின் பின்பத்திச் சுவரில் ஒரு பெரிய பலகை. வெள்ளைப் பெயின்ற் அடித்து, அதன்மேல் கறுப்பில் ஒவ்வொரு சாமானின் உருவமும் கீறியிருக்கும். மண்வெட்டி தொங்குகிற இடத்தில் மண்வெட்டியின் உருவம், கோடாலிக்குக் கோடாலி, குறட்டுக்குக் குறடு. ஒன்றை எடுத்தால் கீழே தொங்கும் கொப்பியில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும். வேலை முடிந்தால் அதே உருவத்தின்மேல் கொண்டுவந்து மாட்ட வேண்டும். வீரகத்தி காலையில் ஒருக்கால் எண்ணுவார், பின்னேரம் ஒருக்கால் எண்ணுவார். நாற்பத்திமூன்று. நாற்பத்திரண்டு என்று வந்துவிட்டால் அன்றைக்கு லாண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் ஆகாது, தண்ணீர்ப் பம்பு ஓடாது, வரம்பில் நிற்கிற கூலியாட்கள் வரம்பிலேயே நிற்க வேண்டியதுதான்.

மருமகள் கௌசலா கலியாணம் முடித்து வந்த மூன்றாம் நாள் குசினிக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"மாமி, மீன் வெட்டக் கத்தி எடுத்ததுக்கு மாமா என்னைக் கையெழுத்து வைக்கச் சொல்லுறார்."

"வைச்சிட்டு வெட்டு பிள்ளை. மீன் பழுதாப் போகும்" என்றாள் ஜெகதீஸ்வரி.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. வீரகத்தியின் தகப்பன் வடமராட்சியிலிருந்து, காடு வெட்டினால் காணி என்று கேள்விப்பட்டு, ஒரு சட்டிபானைச் சாக்கோடும் ஐந்து பிள்ளைகளோடும் வந்து குளத்துக்குக் கீழே குடியேறினவர். பத்து வயதில் வீரகத்தி தகப்பனுடைய பம்பைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். பம்பு முன்னையைவிட நன்றாக ஓடியது. ஒரு நட்டு மிஞ்சியது. தகப்பன் மகன் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மகன் அந்த நட்டைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சாப்பாடு இறங்காமல் திரிந்தார். எங்கே போக வேண்டிய நட்டு அது என்று கடைசிவரை தெரியவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்தில் தொழில் படித்தார். படித்த கையோடு தெற்கே இரத்மலானைப் பக்கம் பிளேன் பட்டறையில் வேலை கிடைத்தது. லீவில் வந்து ஜெகதீஸ்வரியைக் கலியாணம் கட்டினார், ஒரு மகனைப் பெற்றார், திரும்பப் போனார். சண்டை வந்து பாதை பூட்டுப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற சனத்துக்குக் கப்பலை விட்டால் பிளேன்தான் என்ற காலம். ஒரு சின்னக் கம்பனி இரண்டு பழைய பிளேனை வைத்துக்கொண்டு ஆட்களை ஏற்றி இறக்கியது. அந்தப் பிளேன்களைப் பிடித்து வைத்திருந்த ஆணிகளில் பாதி வீரகத்தி இறுக்கின ஆணி.

அங்கே வேலையை மேற்பார்க்கிற போர்மன் ஒரு வெள்ளைக்காரன். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது, இங்கிலீசும் அவ்வளவுதான். விரலால்தான் கதை. வேலை தொடங்க முன் எத்தனை சாமான் எடுக்கிறாய் என்று விரலைக் காட்ட வேண்டும். முடிந்த பிறகு அதே அளவு விரலைக் காட்ட வேண்டும். ஒரு நாள் ஒரு விரல் குறைந்தது. ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். நாற்பத்தாறு பேர் உள்ளே ஏறி இருந்து வியர்த்து வழிகிறார்கள். மடியில் பலகாரப் பெட்டியோடு ஒரு ஆச்சி, "பின்னேரம் என்ர பேத்திக்குக் கலியாணமடா, பாழ்படுவாங்களே" என்று திறந்த கதவுக்குள்ளால் திட்டுகிறா. போர்மன் பிளேனை விடவில்லை. மூன்று மணித்தியாலம் தேடினார்கள். கடைசியில் அது போர்மன் காலில் போட்டிருந்த மேசுக்குள்ளேயே இருந்தது; கால் கடித்தபோது சொறிவதற்குச் செருகினவனாம். அவன் வெட்கப்படவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு வரிசையில் நிற்பாட்டி, கால்மேசைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரை உயர்த்திக் காட்டி, ஒரு விரலையும் காட்டினான். வீரகத்தி அன்றைக்குப் பிடித்ததுதான் அந்த ஒரு விரல். இன்னும் விடவில்லை.

இங்கே வன்னியில் ஜெகதீஸ்வரி பட்ட பாடு வேறு. மேலே பிளேன் இரைந்தால் சனம் பங்கருக்குள் பாயும். பாய்கிற அவசரத்திலும் யாராவது ஒருவர், "உது உன்ர மனுசன் திருத்தினதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பாய்வார்.

"என்ர மனுசன் திருத்திறது ஆக்களை ஏத்திற பிளேன். குண்டு போடுற பிளேனில அவர் கை வைக்கிறேல்லை" என்பாள் அவள், பங்கருக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு. "அவர் திருத்தினதெண்டால் உப்பிடிச் சத்தம் போடாது."

சமாதானம் என்று பாதை திறந்தபோது வீரகத்தி ஒரு சூட்கேசோடும் ஒரு இரும்புப் பெட்டியோடும் பஸ்ஸால் வந்து இறங்கினார். சூட்கேசுக்குள் உடுக்கிற சேட் இரண்டு. ஜெகதீஸ்வரி இரும்புப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள், தூக்க முடியவில்லை, சந்தோசப்பட்டாள். திறந்தால் பதினெட்டு ஸ்பனர். அவள் தேத்தண்ணீர் போடப் போனாள். சீனி போடவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் முழு நேரக் கமக்காரன். கடைசிச் சண்டையில் எல்லோரையும் போல ஓடும்போது பெட்டியைக் கிணற்றடியில் தாட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரில் பாதி இல்லை. தோண்டி எடுத்து எண்ணினார். பதினெட்டும் இருந்தது. "சரி" என்றார். அந்தச் சரிக்காக ஜெகதீஸ்வரி அவரை ஒரு கிழமை திட்டினாள். ஏழாம் நாள் அவர் பலகைக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினார்.

இனி அம்மன் தேருக்கு வருவோம்.

வாய்க்கால் கரையில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குத் தேர் வந்து பதின்மூன்று வருசம். சின்னத் தேர்தான். ஆனாலும் தேர் தேர்தான். தேர்த் திருவிழாவின் உபயம் தனக்கு ஒரு முறையாவது கிடைக்க வேண்டும் என்று ஜெகதீஸ்வரி பதினொரு வருசம் கேட்டாள். ஒவ்வொரு வருசமும் அது வீரகத்தியின் தமக்கை வடிவம்மா வீட்டுக்கே போனது. வடிவம்மாவின் உபயத்தில் தேர் ஒன்பது மணிக்கென்றால் ஒன்பது மணிக்கு எழும்பும். வருசம் முழுக்க அந்த ஒன்பது மணியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஜெகதீஸ்வரிக்குக் காதில் மணி அடிக்கும். போன வருசம் வடிவம்மாவுக்கு முழங்கால் நோ வந்தது. கோயில் தலைவர் சிவராசா வந்து, "இந்த முறை உங்கட பேரில செய்யுங்கோ அக்கா" என்றார். ஜெகதீஸ்வரி முழங்கால் நோவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். பிறகு அது பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தேர் வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரைக்கு ராகு காலம். பத்தரைக்கு முன் தேர் எழும்பாவிட்டால் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான். உச்சி வெயிலில், சுடுமணலில், யார் வடம் பிடிப்பார்கள்? வடிவம்மா முதல் நாளே வந்து இதையெல்லாம் நினைவூட்டிவிட்டுப் போனார்.

"நேரம் தப்பினால் பிறகு உனக்கு ஆரும் உபயம் தரமாட்டினம் ஜெகதீசு. நான் உன்ர நன்மைக்குச் சொல்லுறன்."

"ஏன் தப்புது மச்சாள்? உங்கட தம்பிதானே தேரைப் பார்க்கிறார். பிளேனையே நேரத்துக்கு எழுப்பினவர்."

மூன்று மணித்தியாலம் பிந்திய பிளேன் அப்போது அவளுக்கு நினைவு வரவில்லை.

வெள்ளி காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏழு மணிக்குப் பூசை முடிந்து அம்மன் தேருக்கு வந்தா. தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்த சாத்துப்படிக்காரன் பிரசாந்தன், விடிய நாலு மணிக்கே தொடங்கி ரோசாவும் மல்லிகையுமாய் அம்மனை மூடியிருந்தான். அம்மனைத் தேரில் இருத்தி, பின்னால் கயிறு போட்டுக் கட்டுகிற வேலையும் அவனுடையது. பாரம் ஏறின பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும் என்று வீரகத்தி தேருக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். பலகையிலிருந்து ஆறு சாமான் எடுத்து வந்திருந்தார். அவருடைய வெள்ளை வேட்டியில் ஏற்கெனவே மூன்று இடத்தில் கிறீஸ்.

எட்டரைக்கு அவரைப் பரிவட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். தலையில் பட்டைக் கட்டிக்கொண்டு அவர் வந்தபோது ஜெகதீஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிறீஸ் கறையைக்கூட மன்னித்தாள். பக்கத்து வீட்டு இராசமலர், மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவள், காதுக்குள் சொன்னாள்: "அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருக்காருக்கா."

எட்டே முக்கால். மேளகாரர் வாத்தியத்தைத் தூக்கினார்கள். இருநூறு சனம் வடத்தைப் பிடித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒன்பது மணிக்குப் பூசாரியார் தேரில் ஏறி அம்மனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கையை உயர்த்தினார். "அரோகரா!"

வடம் இறுகியது. அந்த நேரம் பார்த்து வீரகத்தி தேருக்கு முன்னால் பாய்ந்து வந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, கத்தரிக்கோல் மாதிரி மாட்டிப் பிடித்தார்.

பிளேனை நிற்பாட்டுகிறவர்களின் சைகை அது. ஓடி வருகிற பிளேனுக்கு முன்னால் நின்று அப்படிப் பிடித்தால் ஓட்டுகிறவன் உடனே நிற்பாட்டிவிடுவான். ஆனால் வலதுகரையில் யாருக்கு அது தெரியும்? தலையில் பரிவட்டம், கை மேலே, கண் பிதுங்கி, அம்மனுக்கு நேரெதிரே.

"உரு வந்திட்டுது!" என்று கத்தினார் வடிவம்மா. "என்ர தம்பியில அம்மாளாச்சி இறங்கிட்டா!"

மேளம் உருவுக்கான அடிக்கு மாறியது. யாரோ வேப்பிலையோடு ஓடி வந்தார்கள். யாரோ ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அவர் முகத்தில் வீசினார்கள். வீரகத்தி கண்ணை மூடித் திறந்தார். கையை மட்டும் இறக்கவில்லை. கையை இறக்கினால் தேர் வந்துவிடும்.

வடிவம்மா நோகிற முழங்காலை மடித்து மண்ணில் இருந்து கும்பிட்டார். "தாயே, என்ன குறை? பிள்ளையள் நாங்கள் என்ன குறை விட்டிட்டம்? சொல்லணை!"

"ஒரு ஸ்பனர் குறையுது!" என்றார் வீரகத்தி.

மேளம் தன்பாட்டில் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றது.

"இருபத்திநாலாம் நம்பர். ஆறு கொண்டு வந்தனான், அஞ்சுதான் கிடக்கு. அது கிடைக்காமல் தேர் எழும்பாது."

இதைக் கேட்டதும் பாதிச் சனத்துக்கு மனிதர் சுயநினைவோடுதான் பேசுகிறார் என்று விளங்கியது. மற்றப் பாதிக்கு அம்மன் ஸ்பனர் கேட்கிறா என்றுதான் விளங்கியது. அந்தப் பாதி ஓடத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே இருந்தது, உழவு மெசினின் பெட்டிக்குள் இருந்தது என்று கால் மணித்தியாலத்தில் ஒரு தாம்பாளம் நிறைய ஸ்பனர் சேர்ந்துவிட்டது. இராசமலர் அதன்மேல் இரண்டு செவ்வரத்தம் பூவும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

வீரகத்தி ஒரு கையை மேலேயே வைத்துக்கொண்டு மறுகையால் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார். "இது பத்தொம்பது. இது பதினேழு. இது சைக்கிள் சாவி. இது ஸ்பனரே இல்லை, ஆர்ரையோ வீட்டுப் படலைக் கொளுக்கி."

"இது ஆகாதாண்ணே? அம்மா ஏத்துக்க மாட்டாங்களா?"

"அம்மன் கேக்கேல்லைப் பிள்ளை, நான் கேக்கிறன்!"

தலைவர் சிவராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். "அன்பான அடியார்களே, இருபத்திநாலாம் நம்பர் ஸ்பனரை எடுத்தவர்கள் தயவுசெய்து தேரடியில் ஒப்படைக்கவும்." அதை மூன்று முறை சொன்னார். ஓட்டுசுட்டான் ரோட்டில் போன பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

ஒலிபெருக்கியில் மூன்றாம் முறை அந்த நம்பரைக் கேட்டபோதுதான் ஜெகதீஸ்வரி தேர்ச் சில்லைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டரைக்கு, அவர் பரிவட்டத்துக்குப் போயிருந்த நேரம், அவள் தேரடியில் நின்றாள். தேரின் பின் சீலைக்குள்ளிருந்து பிரசாந்தனுடைய கை மட்டும் வெளியே வந்தது. "மாமி, கயிறு இளகுது. இடையில விட்டு முறுக்கக் கெதியா ஒரு கம்புத்துண்டு தாங்கோ." அவள் சுற்றிப் பார்த்தாள். ஒரு குச்சி இல்லை. விடிய எழும்பித் தன் கையாலேயே தேரடியைக் கூட்டி அள்ளினவள் அவள்தானே. தேர்ச் சில்லின்மேல் ஒரு இரும்பு பளபள என்று கிடந்தது. கொடுத்தாள். மனிதர் வந்ததும் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தாள். அதற்குள், "அக்கா, மோதகம் எங்க?" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

ஆக, ஸ்பனர் இப்போது அம்மனுக்குப் பின்னால், இருபது முழம் பூவுக்குக் கீழே, அம்மனைக் கட்டின கயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை உருவினால் அம்மன் சரிவா. உருவாவிட்டால் மனிதர் தேரை விடமாட்டார். சொல்லாமல் இருந்தால் பத்தரை. சொன்னால் வடிவம்மா.

ஒன்பதே முக்கால். சனம் மணலைக் கிளறியது, மோர்ப்பானைக்குள் கரண்டி விட்டுத் துழாவியது. தவில்காரரைத் தவிலைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவர் கோபித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். ஜெகதீஸ்வரியும் குனிந்து குனிந்து தேடினாள். இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே தேடுவது எவ்வளவு கடினம் என்று தேடினவர்களுக்குத்தான் தெரியும்.

"என்னக்கா, ஒரே இடத்தையே அஞ்சாவது தடவை பாக்குறீங்க?" என்றாள் இராசமலர்.

"இராசமலர், நான்தான் குடுத்தனான்."

"எதை?"

ஜெகதீஸ்வரி கண்ணால் அம்மனைக் காட்டினாள். இராசமலர் அம்மனைப் பார்த்தாள், தேரைப் பார்த்தாள், வீரகத்தியின் உயர்த்தின கையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் போய்விட்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் வடிவம்மா சத்தமாக, ஒருவருக்கும் சொல்லாதது போல எல்லோருக்கும் சொன்னார்: "என்ர உபயத்தில ஒரு ஊசிகூடத் துலைஞ்சதில்லை."

ஜெகதீஸ்வரிக்கு அதோடு பயம் போய்விட்டது. நேரே போய் மனிதருக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. கையை இறக்குங்கோ. நான்தான் எடுத்துக் குடுத்தனான். அம்மனுக்குப் பின்னால கிடக்கு. கயித்தை முறுக்கி வைச்சிருக்கு."

வீரகத்தியின் கை தானாக இறங்கியது. "நீயே?"

"நான்தான்."

"எத்தினை மணிக்கு?"

"மணியோ? இந்த நேரத்தில மணி கேக்கிறியளோ?"

"சொல்லாமல் எடுத்தனீ, எழுதாமல் எடுத்தனீ..."

"சரி, நான் எழுதேல்லை. நீங்கள் என்னத்துக்கு அதைச் சில்லில வைச்சிட்டுப் போனனீங்கள்? கையில சாமானோட இருக்கிறவன் கூப்பிட்ட உடன ஓடலாமோ? பட்டுத் துணி எண்டதும் ஓடினனீங்கள்தானே? உங்கட வெள்ளைக்காரன் இதைத்தான் படிப்பிச்சவனோ?"

இத்தனை வருசத்தில் அந்த இடத்தில் வீரகத்தியை ஒருவரும் பிடித்ததில்லை. தலையிலிருந்த பரிவட்டத்தைத் தடவிப் பார்த்தார். கால்மேசைக் கழற்றிக் காட்டின போர்மன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சனத்தின் பக்கம் திரும்பி, ஒரு விரலை உயர்த்தி, "பிழை என்ரை" என்றார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப கண்டாச்சு, இழுப்பம்!" என்றார் சிவராசா. மணி பத்து ஐந்து.

"பொறுங்கோ. இருக்கிற இடம் தெரிஞ்சால் போதாது, எப்பிடி இருக்குதெண்டு பார்க்கவேணும். பார்க்காமல் விட்டு, தேர் குலுங்கி, அது தெறிச்சுப் பூசாரியாற்ரை மண்டையில விழுந்தால்?"

அதுவரை "நேரம் போகுது, நேரம் போகுது" என்று கத்திக்கொண்டிருந்த பூசாரியார் தலையைத் தொட்டுப் பார்த்தார். "பார்க்கத்தான் வேணும்" என்றார். "நல்லாப் பாருங்கோ."

ஆனால் எப்படிப் பார்ப்பது? கிறீஸ் கையோடு அம்மனுக்குப் பின்னால் போகப் பூசாரியார் விடமாட்டார். பூவைக் கலைக்கப் பிரசாந்தன் விடமாட்டான். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவனை ஈரத்தோடு இழுத்து வந்திருந்தார்கள். "நல்லா இறுக்கித்தான் முறுக்கினனான் மாமா" என்று அவன் சத்தியம் பண்ணினான். அடுத்தவன் சொல்லை நம்பி வீரகத்தி ஒரு நாளும் ஒரு பிளேனையும் விட்டதில்லை. பத்து மணி பன்னிரண்டு.

ஜெகதீஸ்வரி பூசைத் தட்டைப் பார்த்தாள். தீபம், மணி, விசிறி, சாமரம், கண்ணாடி. அம்மனுக்கு முகம் காட்டுகிற வட்டக் கண்ணாடி.

"பூசாரியார், அந்தக் கண்ணாடியைத் தாங்கோ."

பிளேனிலும் இதுதானாம் வழி. கண் போகாத இடத்துக்குக் கண்ணாடி போகும். வீரகத்தி மனைவியைப் பார்த்தார். கலியாண வீட்டில்கூட அவர் அவளை அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. பிரசாந்தன் பின்பக்கம் ஏறி ஒரு கையால் பூவை ஒதுக்கி, மறுகையால் கண்ணாடியை உயர்த்தினான். வீரகத்தி தேரின் பக்கப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மேல தூக்கு. இன்னும். வலப்பக்கம் சரி. சரி, நில்."

கண்ணாடியில் பட்ட வெயில் முன்னால் இருந்த பூசைத் தட்டில் தெறித்து அம்மனுடைய முகத்தில் ஒரு வட்ட வெளிச்சம் விழுந்தது. மூக்குத்தி மின்னியது. கீழே நின்ற சனத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: அம்மனுக்குப் பின்னால் கண்ணாடி எழும்புகிறது, அம்மன் முகம் ஒளிர்கிறது.

"அரோகரா!" என்று யாரோ தொடங்கினார்கள். பிறகு எல்லோரும். கோபித்துக்கொண்டு போன தவில்காரர் மரத்தடியிலிருந்து ஓடி வந்தார். பெண்கள் குரவை போட்டார்கள். வடிவம்மா திரும்பவும் முழங்காலை மடித்தார்.

அந்த ஆரவாரத்துக்குள் வீரகத்தி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "நல்ல இறுக்கு! நல்ல இறுக்கடா! ஆனால் நுனி சும்மா நிக்குது. கம்பி இருக்கே? மாலை கட்டிற கம்பி? அதை ரெண்டாய் மடிச்சு ஸ்பனர்ர காதுக்குள்ள விட்டுக் கயித்தோட சேத்துக் கட்டு. வலம் முறுக்கு. இடமில்லை, வலம்! இப்ப அது சாமான் இல்லை, தேரில ஒரு பாகம். பாகத்தை எண்ணத் தேவையில்லை!"

பத்து மணி இருபத்தாறு. வீரகத்தி இறங்கி வந்து, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கொப்பியை எடுத்து எழுதினார். பிறகு தானே குனிந்து சில்லுக்கட்டையை இழுத்து எறிந்தார். தேருக்கு முன்னால் போய் நின்று, இந்த முறை இரண்டு கையையும் நீட்டி, வா வா என்று பின்பக்கமாய் நடந்தார். தேர் ஒரு முறை முனகிவிட்டு எழும்பியது. எலுமிச்சம்பழங்கள் சில்லின் கீழ் நசிந்தன. ஜெகதீஸ்வரி வடத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற இராசமலரின் கைமணிக்கூட்டைப் பார்த்தாள். இருபத்தெட்டு. ராகு காலத்துக்கு இரண்டு நிமிசம் மிச்சம். இரண்டு நிமிசம் என்றாலும் மிச்சம் மிச்சம்தான்.

நாலு வீதியும் சுற்றி வரும்வரை வீரகத்தி பின்பக்கமாகவே நடந்தார். தெற்கு வீதி மூலையில் ஒரு மோர்ப்பந்தலில் மோதி விழுந்தார். எழும்பித் திரும்பவும் நடந்தார்.

பின்னேரம் ஸ்பனரைப் பிரசாந்தன் அவிழ்த்துக் கொடுத்தபோது அது சந்தனமும் குங்குமமுமாய் இருந்தது. வீரகத்தி துடைத்து மாட்டப் போனார். ஜெகதீஸ்வரி விடவில்லை. துடைக்காமலே மாட்டச் சொன்னாள். துடைக்காமலே மாட்டினார். நாற்பத்திமூன்று.

அடுத்த வருசம் உபயம் திரும்பவும் அவர்களுக்கே கிடைத்தது. சிவராசா நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்து கௌசலாவிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் உரத்து வாசித்தாள்: "காலை ஏழு மணிக்கு வசந்த மண்டபப் பூசை. எட்டரைக்கு உபயகாரருக்குப் பரிவட்டம். எட்டே முக்காலுக்குக் கண்ணாடிச் சேவை. ஒன்பது மணிக்குத் தேர்."

"கண்ணாடிச் சேவையோ? அதென்ன?" என்றார் வீரகத்தி.

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பிள்ளை தேரன்று அதே கேள்வியைக் கேட்டது. வடிவம்மா அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, முழங்காலைத் தடவிக்கொண்டு, விளக்கமாகச் சொன்னார்:

"அது பிள்ளை, எங்கட அப்பு வடமராட்சியில இருந்து வரேக்க கொண்டு வந்த வழக்கம். ஆதியில இருந்து நடக்குது. அம்மன் புறப்பட முன்னம் தன்ர முதுகைத் தானே பாக்கிறா. எங்கட குடும்பத்து ஆம்பிளையள்தான் கீழ நிண்டு கத்தவேணும்."

"என்ன கத்தவேணும் அம்மம்மா?"

"'நல்ல இறுக்கு' எண்டு மூண்டு தரம்."

மேலே பிரசாந்தன் கண்ணாடியைத் தூக்கினான். வீரகத்தி ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். அவள் வடத்தைப் பிடித்தபடி, "கத்துங்கோவன், நேரம் போகுது" என்றாள்.

கத்தினார்.